எமது அயலைப் பற்றி ஒரு பக்கம்

எமது பாட்டனார் பள்ளியிலே படித்த ஆங்கிலப் புவியியல் நூலொன்று எம்மிடம் இருக்கின்றது. பருத்தித்துறை வீட்டின் பரண்மீது கிடந்து, கறையான் தின்றது போக மிஞ்சியது. இங்கிலாந்தின் கவுண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் வரலாறு, ஆறுகள், பயிர்கள், பார்க்கத்தக்க இடங்கள் என வகுத்துக் கூறும் நூல் அது. கென்ற் என்னும் கவுண்டியைப் பற்றிய அதிகாரத்திலேதான் பாட்டனாரின் பென்சிற் கோடுகள் மிகுதி. டோவரின் வெண்சுண்ணப் பாறைகள், பியர் வடிப்பதற்கு வேண்டிய ஹொப் கொடி படரும் தோட்டங்கள், செரிப்பழச் சோலைகள், கன்ரபரிப் பேராலயம் ஆகிய அனைத்தையும் அவர் மனனஞ் செய்திருந்தார். ஆனையிறவுக்குத் தெற்கே அவர் சென்ற பயணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனினும், மெட்வே ஆறு தேம்சுக் கழிமுகத்திலே கலக்கின்றது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். யாழ்ப்பாணத்து வழுக்கியாற்றைப் பற்றி அவரிடம் எந்த ஆசிரியரும் வினாத் தொடுத்ததில்லை.

அந்நியர் ஆட்சிக் கல்வியின் அலங்கோலத்துக்கு இது நல்ல உதாரணம் என்று வகுப்பிலே பலமுறை இந்நூலைக் காட்டிச் சிரித்திருக்கின்றோம். அந்தச் சிரிப்பு சென்ற ஆண்டு எம்மீதே திரும்பிற்று.

நாம் குடியிருப்பது இரத்மலானையிலே. தமிழ் படிப்பிப்பது கொழும்பிலுள்ள பாடசாலையொன்றிலே. எம்மிடம் படிக்கும் பிள்ளைகளுட் பெரும்பாலோர் வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருபவர்கள். பத்தாந்தர மாணவரை ‘எமது ஊர்’ என்னும் தலைப்பிலே கட்டுரை எழுதுமாறு பணித்தோம். முப்பத்திரண்டு கொப்பிகள் வந்தன. நல்லூர்த் தேர் வந்தது. கீரிமலைக் கேணி வந்தது. மட்டக்களப்பு வாவியும் அற்றன் தேயிலைச் சரிவும் வந்தன. கொழும்பு மட்டும் ஒன்றிலேனும் வரவில்லை. கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றிலே பிறந்து அங்கேயே வளர்ந்த மாணவன் ஒருவன், ஆறு வயதிலே ஒரேயொரு முறை கண்ட காரைநகர்க் கடற்கரையைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தான்.

“பிறந்தது கொழும்பு, வளர்ந்தது கொழும்பு. பிறகேன் தம்பி காரைநகர்?” என்று கேட்டோம்.

“ரீச்சர், இது நாங்கள் இருக்கிற இடம். ஊர் அது.”

வகுப்பிலே எவரும் சிரிக்கவில்லை. அவன் கூறியது அனைவருக்கும் தெரிந்த ஒன்றாயிருந்தது. கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரத்தைச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லிலே எடுப்பித்து ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. வெள்ளவத்தையிலே மூன்று தலைமுறையாகக் குடும்பம் நடத்துவோர் உளர். ஆயினும் கேட்டால், ‘இப்ப வெள்ளவத்தையிலை இருக்கிறம்’ என்றே விடை வரும். அந்த ‘இப்ப’ என்னும் சொல்லுக்கு வயது எத்தனை என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எமது வீட்டுப் பேச்சிலும் அச்சொல் உண்டு.

பாட்டனாருக்குக் கென்ற் தெரிந்திருந்தது, வழுக்கியாறு பாடமாகவில்லை. எமது மாணவருக்குக் காரைநகர் தெரிகின்றது, தாம் நாள்தோறும் கடக்கும் தெரு தெரியவில்லை. பாட்டனார் விடயத்திலே பழியை வெள்ளைக்காரன்மீது போட்டுவிடலாம். இதற்கு யார்மீது போடுவது? பத்தாண்டுகளாகத் தமிழ் படிப்பிக்கும் நாமே ஒரு நாளாவது கொழும்பைப் பற்றி எழுதச் சொன்னதில்லை.

ஆகவே ஒரு கையெழுத்துச் சஞ்சிகை நடத்துவது என்று முடிவாயிற்று. கென்ற் அதிகாரம் போலவே வரலாறு, புவியியல், பார்க்கத்தக்க இடங்கள் என்ற மூன்று பகுதிகள். பொருள், கொழும்பின் தென்கரை. அதிலும் சிறப்பாக இரத்மலானை. ஆசிரியை குடியிருக்கும் இடம் என்பதைத் தவிர இத்தேர்வுக்கு வேறு நியாயம் இல்லை. ஒரு சனிக்கிழமை காலை, பெற்றோரின் சம்மதக் கடிதங்களோடு வெள்ளவத்தையிலே புகையிரதம் ஏறினோம்.

இந்தப் புகையிரதப் பாதையைப் போல வேறெந்தப் பாதையும் பயணிக்குக் கடலை இலவசமாகக் காட்டுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்திலே அலைத்திவலை யன்னல் வழியே வந்து முகத்திலே அறையும். பாதைக்கும் கடலுக்கும் இடையே குவித்த கருங்கற்களின்மேல் நண்டுகள் ஓடும். பலகை வீடுகளின் முன்னே துணிகள் காயும். வெள்ளவத்தையைக் கடந்தால் தெகிவளை. 1936ஆம் ஆண்டு அரசாங்கம் பொறுப்பேற்ற மிருகக்காட்சிச்சாலை அங்கே உண்டு. அதைப் பற்றி எழுத எல்லாப் பிள்ளைகளும் முன்வந்தமையால் நாம் இங்கே எழுதாது விடுகின்றோம். அடுத்தது கல்கிசை. தேசாதிபதி மெயிற்லண்ட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே மாளிகை அமைத்த குன்று இன்று பெரிய ஹொட்டேலாக விளங்குகின்றது. உலாவழிகாட்டி நூல்களெல்லாம் தேசாதிபதிக்கும் உள்ளூர் நடனப் பெண்ணுக்கும் இடையே இருந்ததாகச் சொல்லப்படும் காதலையும், அவள் மாளிகைக்கு வருவதற்கு வெட்டிய சுரங்கத்தையும் வருணிக்கும். ஆளுகின்றவன் ஆளப்படுகின்றவளைச் சுரங்கம் வழியாக வரவழைத்தால் அதற்குக் காதல் என்று பெயர் சூட்டுவது வழிகாட்டி நூல்களின் வழக்கம் போலும்.

அதற்கடுத்த நிலையத்திலே இறங்கினோம்.

இரத்மலானையை எவரும் பார்ப்பதற்காக வருவதில்லை. அதன் வழியே காலிக்குப் போவார்கள். ‘இரத்மல்’ என்பது சிங்களத்திலே செந்நிற மலர். வெட்சிச் செடியையும் சிங்களவர் இரத்மல் என்றே அழைப்பர் என்று கூறியதும், புறத்திணையைப் புதிதாகப் படித்திருந்த பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். நிலையத்துக்கு அருகே ஒரு வேலியோரத்திலே வெட்சி பூத்தும் இருந்தது. ஆளுக்கொரு பூவைப் பறித்துச் சட்டைப் பையிலே செருகிக்கொண்டார்கள்.

கோட்டையிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றர் தெற்கேயுள்ள இவ்விடத்தின் நில அமைப்பு விளங்குவதற்கு எளியது. மேற்கே கடல், அதனையடுத்துப் புகையிரதப் பாதை, பின்னர் காலி வீதி, அப்பால் விமானத் தளம், அதற்கும் கிழக்கே அத்திடியச் சதுப்பும் வெரசு கங்கையும். அந்த ஆறு பொல்கொடை ஏரியோடு தொடர்புற்றது. பெல்லன்வில, அத்திடியச் சதுப்புநிலம் 1990இலே சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. பரப்பு 372 ஹெக்ரேயர். கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அங்கே உண்டு. குப்பை கொட்டுவோரும் நிலம் நிரப்புவோரும் உண்டு. தெற்கே லுணாவக் களப்பு. அதிலே மீன் பிடித்து வாழ்ந்த குடும்பங்கள், இரத்மலானைத் தொழிற்சாலைகளின் கழிவுநீர் கலந்ததனால் தொழிலை இழந்தன. அவர்களுட் பெரும்பாலோர் சிங்களவர். ஆலை முதலாளியின் கழிவுக்கு மொழி வேறுபாடு தெரியாது.

“மேற்கே நெய்தல் ரீச்சர், கிழக்கே மருதம் மாதிரி. முதற்பொருளும் கருப்பொருளும் சரி. உரிப்பொருள் என்ன?” என்று ஒருத்தி கேட்டாள். நெய்தலுக்கு இரங்கல்தானே என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டு நடந்தோம்.

வரலாற்றுப் பகுதிக்கு வேண்டிய செய்தி நாம் எதிர்பார்த்ததிலும் மிகுதியாகக் கிடைத்தது. இங்கே வலானே சித்தார்த்த தேரர் 1841இலே பரம தம்ம சேத்தியப் பிரிவெனாவை நிறுவினார். அவரிடம் கற்ற ஹிக்கடுவே சுமங்கல தேரர் 1873இலே வித்தியோதயத்தையும், இரத்மலானே தம்மாலோக தேரர் 1875இலே வித்தியாலங்காரத்தையும் தொடக்கினர். அவை இரண்டுமே 1959இலே பல்கலைக்கழகங்களாயின. இந்நாட்டின் இரு பெருங் கலைக்கழகங்களுக்கு வித்து இந்த ஊரிலே விழுந்தது என்பதை இத்தனை ஆண்டுகள் இங்கே குடியிருந்தும் நாம் அறிந்திருக்கவில்லை. இதே ஊரிலே திருநந்தீசுவரம் என்னும் சிவன் கோயிலும் உண்டு. 15ஆம் நூற்றாண்டிலே சிறீ இராகுல தேரர் பாடிய செலலிஹினி சந்தேசயம் என்னும் சிங்களத் தூதுக் காவியத்திலே, கோட்டை நகரத்து ஈசுவரன் கோயிலும் அங்கே ஒலித்த தமிழ்த் துதிப்பாடல்களும் பேசப்படுகின்றன என்று கோயில் வாசலிலே வைத்துச் சொன்னோம். காரைநகர் மாணவன் அதைக் குறித்துக்கொண்டான்.

புகையிரத வேலைத்தளத்துக்குள்ளே செல்ல அனுமதி கிடைக்கவில்லை. வாசலுக்கு எதிரே தேநீர்க்கடை நடத்தும் முதியவர் எல்லோருக்கும் வாங்குப் போட்டு இருத்தினார். 1980 யூலையிலே நாடு தழுவிய வேலைநிறுத்தம் மூண்டபோது அதன் முதற்பொறி இந்த வேலைத்தளத்திலே விழுந்தது. அதன் முடிவிலே ஏறக்குறைய 40,000 பேர் வேலை இழந்தனர். அவர்களுள் ஒருவர் இம்முதியவர். அவர் சிங்களத்திலே சொல்லச் சொல்லக் கொட்டாஞ்சேனைப் பையன் தமிழிலே சொல்லிக்கொண்டு வந்தான். எமது சிங்களத்தைவிட அவனுடைய சிங்களம் மிகச் சிறந்தது. “இவர் சொல்லுறார் ரீச்சர், தன்னோடை சேர்ந்து வெளியிலை போனவையிலை தமிழ் ஆக்களும் இருந்தவையாம். மூண்டு வருசத்துக்குப் பிறகு அவையளைக் காணேல்லையாம்.” தேநீருக்குக் காசு வாங்க அவர் மறுத்துவிட்டார்.

பிற்பகல் விமானத் தளம். பிள்ளைகள் ஆவலோடு எதிர்பார்த்தது இதைத்தான். 1935 நவம்பர் 27இலே சென்னைப் பறப்புக் கழகத்தின் பயிற்சியாளர் ஓட்டி வந்த சிறிய விமானம் இங்கே முதன்முதல் இறங்கிற்று. 1938இலே தாதா நிறுவனத்தின் தபால் விமானம் வந்தது. 1942 ஏப்பிரில் 5, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, பிரித்தானியரின் ஹரிக்கேன் விமானங்கள் இங்கிருந்து எழும்பின. 1947 திசெம்பர் 10இலே எயார் சிலோனின் முதற்பயணம் இங்கிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னையை அடைந்தது. சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முந்திய அந்நாளிலே கொழும்பும் யாழ்ப்பாணமும் சென்னையும் ஒரே கோட்டிலே இருந்தன. விமானப்படை அரும்பொருட்காட்சிச்சாலையிலே பழைய டகோட்டா விமானமொன்று நிற்கின்றது. பிள்ளைகள் அதன் இறக்கையின் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்கும் இத்தளத்துக்கும் இடையே ஓடிய அந்தக் கோட்டிலேதான் 1998 செப்டெம்பர் 29இலே, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம், விடுதலைப் புலிகளின் ஏவுகணைக்கு இலக்காகி மன்னார்க் கடலிலே வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். பயணிகளுட் பெரும்பாலோர் தமிழர். இதை நாம் பிள்ளைகளுக்குச் சொன்னோம்.

1983ஐ நாம் சொல்லவில்லை. யூலைக் கலவரத்திலே வீடிழந்த தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கிலே இத்தளத்தின் விமானக் கொட்டகைகளிலே அகதிகளாகத் தங்கியிருந்தனர் என்பதும், சில கல் தொலைவிலே தமிழருக்குரிய தொழிற்சாலைகள் எரிந்துகொண்டிருந்தன என்பதும், பலர் இங்கிருந்து சரக்குக் கப்பலிலே காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர் என்பதும் எமக்குத் தெரியும். அவர்களுள் எமது அன்னையாரும் ஒருவர். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. வெள்ளவத்தை வீட்டுக்குப் பின்னாலிருந்த சிங்கள மாது இரண்டு இரவுகள் மறைத்து வைத்திருந்து, மூன்றாம் நாள் லொறியிலே ஏற்றிவிட்டார் என்பது வரையில் அன்னையார் சொல்வார். அதன் பின்னர் கதை கப்பலிலேதான் தொடங்கும். இடையே கொட்டகையிலே கழிந்த நாட்கள் இல்லை. வெள்ளவத்தை வாடகை ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டாமையால் நாம் இரத்மலானையிலே வீடு பார்த்தபோது, “அங்கை என்ன கிடக்குதெண்டு போறாய் பிள்ளை” என்று ஒருமுறை கேட்டார், பிறகு கேட்கவில்லை. எமது வீட்டுக்கு வருவார். விமானத் தளத்துப் பக்கம் வந்ததில்லை.

நாம் சொல்லாததை ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்தாள். உரிப்பொருள் எதுவென்று கேட்ட அதே பிள்ளை. பாட்டியிடம் கேட்டெழுதிய ஒரு பக்கம். அதிலே கொலை இல்லை, நெருப்பு இல்லை. தண்ணீர்க் குழாயின் முன்னே நின்ற வரிசை. சீமெந்துத் தரையிலே விரித்த செய்தித்தாள். மாற்றுடுப்பு இல்லாமல் திருமணச் சேலையோடு ஒரு கிழமை இருந்த பெண். கொட்டகையின் இரும்புத் தூணிலே கட்டிய ஏணையிலே உறங்கிய குழந்தை. இவ்வளவுதான். இருபது ஆண்டு எழுதிப் பழகியவர்களுக்கும் கைவராத அடக்கம் அந்தப் பக்கத்திலே இருந்தது. ஓர் எழுத்துப் பிழையைத் தவிர நாம் எதையும் திருத்தவில்லை.

சஞ்சிகை பாடசாலைக் கண்காட்சியிலே வைக்கப்பட இருந்தது. முதல்நாள் மாலை, பொறுப்பிலிருந்த பெரியவர் ஒருவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு வந்து, அங்கே நிறுத்தினார். இரண்டு முறை படித்தார். இது வேண்டாம் என்றார். விருந்தினர் வருகிறார்கள், வீண் வம்பு என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்து விடை தயாராக வைத்திருந்தோம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

“ரீச்சர், எல்லாம் சரியாய்த்தான் எழுதியிருக்கிறாள். நானும் அதுக்குள்ளை படுத்தவன்தான். அதாலைதான் சொல்லுறன். எங்கடை பிள்ளையளுக்கு இது வேண்டாம். அதுகள் இங்கை இருக்கவேணும்.”

எமது தயாரித்த விடை பயன்படவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டோம். அதன் இடத்திலே மிருகக்காட்சிச்சாலை யானைகளின் படம் ஒட்டப்பட்டது. கண்காட்சிக்கு வந்தோர் சஞ்சிகையைப் பாராட்டினார்கள். முற்போக்குக் கட்டுரைகளைப் படித்தும் எழுதியும் வருகின்ற நாம், ஒரு நிமிடமும் வாதாடாமல் ஒரு சிறுமியின் பக்கத்தைக் கிழித்தோம் என்பதை வாசகர்முன் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவள் கண்காட்சியன்று சஞ்சிகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ரீச்சர், என்ரை பக்கம்?” என்றாள். பிறகு சொல்லுகிறோம் என்றோம்.

அன்றிரவு கென்ற் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தோம். பாட்டனாரின் பென்சில் மிக அழுத்தமாக ஓடியிருந்த இடம் ஹொப் தோட்டமன்று; கன்ரபரி. அரசன் இரண்டாம் ஹென்றியின் வீரர் நால்வர் பேராயர் தோமஸ் பெக்கற்றை 1170 திசெம்பர் 29இலே பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றனர். கொலை நடந்த இடம் இன்றும் பேராலயத்திலே வருவோருக்குக் காட்டப்படுகின்றது. பார்க்கத்தக்க இடங்களின் வரிசையிலே நூலாசிரியர் அதைத்தான் முதலாவதாக வைத்திருக்கின்றார். 1381இலே வற் ரைலரின் தலைமையிலே கென்ற் குடியானவர்கள் தலைவரிக்கு எதிராகக் கிளர்ந்து இலண்டன்மீது படையெடுத்த செய்தியும் இரண்டு வரியிலே இருக்கின்றது. தம் மண்ணிலே சிந்திய இரத்தத்தை அவர்கள் மறைக்கவில்லை. யாழ்ப்பாணத்துச் சிறுவனுக்கும் அதைப் பாடமாக்கி அனுப்பிவைத்தார்கள். எனினும் கன்ரபரிக் கொலை எண்ணூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. எமது கொட்டகையிலே படுத்தவர்கள் இன்னும் எம்மோடு பஸ்வண்டியிலே வருகின்றார்கள். ஆறாத புண்ணின்மேல் வழிகாட்டிப் பலகை நாட்டலாமா என்பதும் கேட்கத்தக்க கேள்விதான். பெரியவர் சொன்னதை முற்றாக மறுக்க எம்மால் இன்றும் இயலவில்லை. ஆனால், இங்கே இருக்கவேண்டும் என்பதற்காக இவ்விடத்தை அறியாமல் இருக்கவேண்டும் என்பது எப்படிப் பொருந்தும்? அறியாத இடம் ‘இருக்கிற இடமாக’ மட்டுமே எஞ்சும்.

கிழித்த பக்கத்தைக் கென்ற் அதிகாரத்துக்குள்ளே வைத்தோம்.

சென்ற மாதம் அன்னையார் வந்திருந்தார். நாம் சமையலறையிலிருந்து திரும்பி வந்தபோது, பாட்டனாரின் நூலை மடியிலே விரித்து வைத்திருந்தார். தம் தந்தையின் பென்சிற் கோடுகளைப் பார்ப்பது அவர் வழக்கம். ஆனால் அவர் கையிலே இருந்தது அந்தப் பக்கம்.

“ஆர் எழுதினது?”

சொன்னோம்.

“ஏணை தூணிலை கட்டேலாது. தூணெல்லாம் சுவரோடை ஒட்டிக் கிடந்தது. பெரிய கதவின்ரை கம்பியிலைதான் கட்டினது. ஒண்டில்லை, மூண்டு.”

மேசையிலிருந்த பென்சிலை எடுத்துத் ‘தூணிலே’ என்பதை வெட்டினார். பிறகு கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார். தண்ணீர் வரிசை வந்த இடத்திலே விளிம்பிலே ஏதோ எழுதினார். செய்தித்தாள் வந்த இடத்திலே ‘சாக்கு’ என்று எழுதினார். பக்கத்தின் இரு புறமும் நிறைந்தபின், வேறு தாள் இருக்கிறதா என்று கேட்டார்.

சஞ்சிகையின் இரண்டாம் இதழ் அடுத்த தவணையிலே வரவேண்டும். அந்த மாணவியிடம் இரண்டு தாள்களையும் கொடுத்து, சேர்த்து எழுதச் சொல்லியிருக்கின்றோம். பெரியவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டோம். அவர் இன்னும் விடை கூறவில்லை. பெரிய கதவு கடற்பக்கமாக இருந்ததா, அத்திடியப் பக்கமாக இருந்ததா என்று மட்டும் அன்னையாரிடம் கேட்டு வரச் சொன்னார்.